பவளாயி சொன்ன விலை

வேலம்பட்டியில் லேவாதேவிக்காரர் ஏகாம்பரம், செக்கு ஓட்டும் சடையனின் வீட்டை அடமானக் கடனுக்காக எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? பாளையக்காரர் சபைக்கும் அவனை இழுத்துவிட்டார்.

"கடன் ஐந்நூறு பணம். இவன் ஓட்டை வீடு இருநூறுதான் பெறும். மீதி முந்நூறை இவன் கட்டணும், மகாராஜா!"

சடையனின் மனைவி பவளாயி அவன் கையை மெல்ல அழுத்திவிட்டு முன்னே வந்தாள்.

"கட்டிடறோம், சாமி. ஆனா வீடு இருநூறுதான் பெறும்னு ஐயா சத்தியம் பண்ணட்டும்."

ஏகாம்பரம் கூசாமல் கற்பூரம் அடித்து சத்தியம் செய்தார்.

"அப்போ அந்த வீட்டை இருநூறுக்கே எங்க அண்ணன் வாங்கிக்கறாராம். வெளியே பணத்தோட நிக்கறார்."

"என்னது! அறுநூறு பெறுற வீட்டை இருநூறுக்கா?" என்று துள்ளினார் ஏகாம்பரம்.

சபையே சிரித்தது. பாளையக்காரரும் சிரித்தார்.

"ஐந்நூறு கடனுக்கு அறுநூறு பெறுற வீட்டை எடுத்திருக்கீர். மீதி நூறை நீர்தான் இவங்களுக்குக் கட்டணும்."

ஏகாம்பரம் முனகிக்கொண்டே எண்ணி வைத்தார்.

வெளியே வந்ததும் சடையன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"உனக்குத்தான் அண்ணனே கிடையாதே, புள்ள?"

"அது உனக்குத் தெரியும், மாமா. அவருக்குத் தெரியாதே!" என்றாள் பவளாயி.