குன்றி ஏன் சுருண்டாள்?

வாகைக்காட்டில் ஒரு குட்டையின் கரையில், சூரைப்புதருக்கு அடியில், தும்பை என்ற பெண்முயலும் அவள் கணவன் செம்பனும் குடியிருந்தார்கள். அந்த வருஷம் காட்டுக்குள் வேட்டைக்காரர்கள் நடமாட்டம் அதிகம். தாயைப் பறிகொடுத்த குட்டிகள் அங்கங்கே பசியோடு அலைந்தன.

காட்டு விலங்குகள் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. தனியாகத் திரியும் குட்டி ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வீட்டில் வளர வேண்டும். வளர்க்க முன்வருகிறவர்கள் வாகை மரத்தடியில் பயிற்சி வகுப்புக்கு வர வேண்டும். வகுப்பை நடத்துகிற பொறுப்பு மரங்கொத்தி வாத்தியாருக்கு.

தும்பை முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். அவள் பெற்ற குட்டிகள் வளர்ந்து, அவரவர் புதரைத் தேடிப் போய்விட்டன. ஆசைக்கு ஒரு குட்டி வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பசித்த குட்டியைப் பார்த்தால் அவளுக்குப் புல் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அவளிடம் வந்து சேர்ந்தது ஓர் அலங்குக் குட்டி, அதாவது எறும்புதின்னி. பேர் குன்றி. உடம்பு முழுக்கச் செதில், நீளமான மூக்கு, அதைவிட நீளமான நாக்கு. பயந்தால் தலையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவாள். அப்புறம் யார் வந்தாலும் பிரிக்க முடியாது.

"தும்பை, இவளுக்கு உன் வீடு மூணாவது வீடு!" என்றார் மரங்கொத்தி. "அணில் வீட்டில் எட்டு நாள் இருந்தாள். மயில் வீட்டில் ஆறே நாள். எங்கேயும் ஒட்டவில்லை. சாப்பிடவும் மாட்டேன் என்கிறாள். பதினைந்து நாள் பார்ப்போம். உன்னிடமும் தேறவில்லை என்றால் ஆற்றுக்கு அக்கரையில் முள்ளம்பன்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்."

"அனுப்ப வேண்டாம் ஐயா! நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்றாள் தும்பை.

குன்றியின் செதில்கள் மங்கிப்போயிருந்தன. விலா எலும்புகளை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம்.

மறுநாள் விடிந்ததும் முதல் வகுப்பு. மரங்கொத்திதான் பாடம் எடுத்தார்.

"வீடு மாறி வந்த குட்டிக்கு எல்லாமே புதுசு! அதனால் தினமும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒரே நேரத்தில் சாப்பாடு! ஒரே இடத்தில் சாப்பாடு! ஒரே சத்தம் கொடுத்துக் கூப்பிடுங்கள்! அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் குட்டிக்குப் பயம் போய்விடும்!"

தும்பைக்கு இது பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து செம்பனிடம் சொன்னாள்.

"சத்தம் கொடுக்கிற வேலையை என்கிட்ட விடு!" என்றான் செம்பன் உற்சாகமாக. அவனுக்குப் பின்னங்காலால் தரையைத் தட்டுகிற பழக்கம் உண்டு. சந்தோஷம் வந்தால் தட்டுவான். கோபம் வந்தாலும் தட்டுவான்.

பொழுது சாய்ந்தது. அலங்கு விழித்துக்கொள்ளும் நேரம். செம்பன் எங்கிருந்தோ கறையான் புற்றின் கட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து போட்டான். பிறகு தரையை ஓங்கித் தட்டினான்.

டம்! டம்! டம்!

குன்றி பந்தாகச் சுருண்டாள்.

"முதல் நாள்தானே! போகப் போகச் சரியாகிவிடும்!" என்றாள் தும்பை. ஆனால் இரண்டாம் நாளும் சுருண்டாள். மூன்றாம் நாளும் சுருண்டாள். கறையான்கள் கட்டியிலிருந்து இறங்கி, வரிசையாக அவள் மேலேயே ஏறிப் போயின. அவள் வாயைத் திறக்கவில்லை.

தும்பைக்குக் குழப்பமாக இருந்தது. நேரம் தவறவில்லை. இடம் மாறவில்லை. சத்தமும் மாறவில்லை. பின்னே எங்கே தப்பு?

இரண்டாவது வகுப்புக்கு வயசான பெண்மந்தி ஒருத்தி வந்தாள். பதினோரு குட்டிகளை வளர்த்தவள்.

"நேரமாவது, இடமாவது!" என்று கையை வீசினாள் மந்தி. "தாயில்லாத குட்டிக்கு வேண்டியது அணைப்பு! மாரோடு சேர்த்துப் பிடியுங்கள்! விடாதீர்கள்! எந்தக் குட்டியாக இருந்தாலும் இளகிவிடும்!"

தும்பை ஓடிப்போய்க் குன்றியை அணைத்தாள். அப்போதுதான் செம்பன் தட்டி முடித்திருந்தான். பந்தாகக் கிடந்தவளை அணைத்ததில் செதில் கீறித் தும்பையின் மார்பில் ரத்தம் கசிந்தது. குன்றி இன்னும் இறுகினாள்.

"அணைக்க அணைக்க இறுகுகிறாளே! இதென்ன கூத்து?" என்றான் செம்பன்.

மூன்றாவது வகுப்பில் ஆமைப்பாட்டி பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். அவ்வளவு நிதானம்.

"விட்டுவிடுங்கள்," என்றார் ஆமை. "தொடாதே. கூப்பிடாதே. பார்க்காதே. ஓட்டுக்குள் போன தலை, தானாகத்தான் வெளியே வர வேண்டும்."

அன்று சாயங்காலம் செம்பன் புற்று தேடி வெகுதூரம் போயிருந்தான். தும்பை முன்பு மிச்சமான கட்டியை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் பின்னால் சளப் சளப் என்று சத்தம். மெல்லத் திரும்பிப் பார்த்தாள். குன்றி கட்டியின் ஓட்டைக்குள் நாக்கை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்! ஒரு கறையான் மிச்சமில்லை!

செம்பன் வந்ததும் தும்பை துள்ளிக் குதித்தாள். "ஆமை சொன்னதுதான் சரி! விட்டுவிட்டேன், சாப்பிட்டாள்!"

மறுநாளும் அப்படியே விட்டார்கள். செம்பன் மட்டும், சாப்பாடு வந்துவிட்டது என்று குட்டிக்குத் தெரியட்டுமே என்று, மூன்று தட்டுத் தட்டிவிட்டு அந்தப் பக்கம் போனான். குன்றி சுருண்டாள். விடிகிற வரைக்கும் நிமிரவில்லை.

"நேற்று சரியாக இருந்த பாடம் இன்று எப்படித் தப்பாகும்?" என்று தும்பை தலையைப் பிடித்துக்கொண்டாள்.

இதற்கிடையில் செம்பனின் பின்னங்காலில் இலந்தை முள் ஏறிவிட்டது. இரண்டு நாள் நொண்டிக்கொண்டே திரிந்தான். அந்த இரண்டு நாளும் தும்பை மந்தியின் பாடத்தை மறுபடியும் முயன்று பார்த்தாள். பக்கத்தில் போய், மெதுவாகக் குன்றியின் நெற்றியை நக்கினாள். குன்றி சுருளவில்லை. கண்ணை மூடி, தும்பையின் மேல் லேசாகச் சாய்ந்தாள்.

"ஆமை இல்லை, மந்திதான் சரி!" என்று செம்பனின் காதில் கிசுகிசுத்தாள்.

மூன்றாம் நாள் முள் வெளியே வந்தது. செம்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டம் டம் என்று தட்டினான். தும்பையின் மேல் சாய்ந்திருந்த குன்றி ஒரே நொடியில் பந்தாகி உருண்டாள்.

தும்பை அன்று முழுக்க நடந்ததை எண்ணி எண்ணிப் பார்த்தாள். நேரம் தவறாமல் கூப்பிட்டால் சுருள்கிறாள். அணைத்தால் ஒரு நாள் சுருள்கிறாள், ஒரு நாள் சாய்கிறாள். விட்டுவிட்டால் ஒரு நாள் தின்கிறாள், ஒரு நாள் தின்ன மாட்டேன் என்கிறாள். மூன்று பாடமும் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டி மோதின. அதற்குள் பதினான்கு நாள் ஓடிவிட்டது!

"கடைசி வகுப்புக்குக் குட்டியையும் கூட்டிக்கொண்டு போ. அவர்களே பார்த்துச் சொல்லட்டும்," என்றான் செம்பன்.

அப்படியே போனாள். வாகை மரத்தடியில் மரங்கொத்தி, மந்தி, ஆமை மூவரும் இருந்தார்கள். குன்றி தும்பையின் வால் பக்கம் ஒளிந்தபடி நின்றாள். தும்பை நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"நீ சரியாக அணைக்கவில்லை!" என்றாள் மந்தி.

"அணைத்ததுதான் தப்பு," என்றார் ஆமை.

"பதினோரு குட்டி வளர்த்தவளிடமா சொல்கிறீர்கள்? நீங்கள் முட்டையை மணலில் புதைத்துவிட்டுப் போகிறவர்தானே! உங்களுக்குக் குட்டியைப் பற்றி என்ன தெரியும்?"

"புதைத்தேன். அத்தனையும் பிழைத்தன."

"போதும்! போதும்! வகுப்பில் அமைதி!" என்று கத்திய மரங்கொத்தி, வாகை மரத்தை அலகால் கொத்தினார். டொக்! டொக்! டொக்! டொக்!

எல்லாரும் அடங்கினார்கள். குன்றி சுருண்டாள். அது சரிவான இடம். பந்து நிற்கவில்லை. சருகுகளை அள்ளிக்கொண்டு உருண்டு, ஒரு கல்லில் மோதி எகிறி, குட்டை ஓரத்துச் சேற்றுப் பள்ளத்தில் போய் விழுந்தது.

"குன்றி!" என்று அலறிக்கொண்டு தும்பை ஓடினாள். பள்ளத்துக்குள் குதித்தாள். பந்து பாதி சேற்றில் புதைந்து கிடந்தது. முட்டித் தள்ளிக் காய்ந்த இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

அப்புறம் என்ன செய்வது? அணைப்பதா? விட்டுவிடுவதா? அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே சேற்றோடு உட்கார்ந்து அழுதாள்.

"எனக்கு ஒன்றும் புரியவில்லை, குன்றி," என்றாள். "எல்லாரும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாளைக்கு உன்னை அனுப்பிவிடுவார்கள். நீயாவது சொல்லேன். உனக்கு என்ன பயம்? நான் என்ன செய்யட்டும்?"

பந்துக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு குரல் வந்தது.

"அவங்க போயிட்டாங்களா, அத்தை?"

தும்பை அழுகையை நிறுத்தினாள். "யாரு கண்ணு?"

"குத்துறவங்க."

"இங்கே யாரும் இல்லையே! நான் மட்டும்தான் இருக்கேன்."

செதில்கள் கொஞ்சமாக விலகின. ஈரமான கண் ஒன்று தெரிந்தது.

"எங்க குழியைச் சுத்திக் கடப்பாரையால குத்தினாங்க. டம் டம்னு சத்தம் வந்துச்சு. மண்ணு இடிஞ்சு விழுந்துச்சு. அம்மா என்னை உள்ளே வச்சுச் சுருண்டுக்கிச்சு. அப்படியே தூக்கிச் சாக்குல போட்டாங்க. நான் மட்டும் நழுவிக் கீழே விழுந்துட்டேன்." குன்றி மூக்கை உறிஞ்சினாள். "அணில் அத்தை வீட்டுல கொட்டையைத் தட்டித் தட்டி உடைச்சாங்க. மயில் பெரியப்பா ஆடும்போது தரையை உதைச்சாரு. உங்க வீட்டுல மாமா தினமும் குத்துறாரு. சாப்பாடு வைக்கிறப்பல்லாம் அவங்க வந்துட்டாங்கன்னு நினைப்பேன்."

தும்பைக்கு இப்போதுதான் புரிந்தது. பாடம் ஒன்றும் தப்பில்லை. அணைத்ததும் தப்பில்லை, விட்டதும் தப்பில்லை. தட்டிய நாளில் சுருண்டாள், தட்டாத நாளில் நிமிர்ந்தாள். அவ்வளவுதான்! பதினான்கு நாள் கூடவே இருந்தும் இது கண்ணில் படவில்லையே!

"ஏன் கண்ணு முன்னாடியே சொல்லலை?"

"யாரும் கேக்கலையே, அத்தை," என்றாள் குன்றி.

வீட்டுக்கு வந்து தும்பை சொன்னதைக் கேட்டு செம்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆசையாகக் கூப்பிடுவதாக நினைத்துத் தினமும் குட்டியை நடுங்க வைத்திருக்கிறான்! வெகுநேரம் கழித்துக் குன்றிக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றான்.

"இனிமே உன்னைச் சாப்பிட எப்படிக் கூப்பிடட்டும், பாப்பா?"

குன்றி யோசித்தாள். "கூப்பிட வேண்டாம் மாமா. கொண்டு வந்து வச்சா போதும். எனக்கு வாசனை தெரியும்."

பழக்கம் லேசில் போகுமா? அன்றைக்கே ஒரு தரம் மறந்துபோய்த் தட்டிவிட்டான். குன்றி சுருண்டாள். ஆனால் இந்த முறை பந்துக்குள்ளிருந்து, "மாமாவா?" என்று கேள்வி வந்தது.

"மாமாதான்! மாமாதான்! மன்னிச்சுக்கோ!" என்று பதறினான் செம்பன்.

பந்து மெதுவாகப் பிரிந்தது. குன்றி கறையான் கட்டியைத் தேடிப் போனாள்.

பதினைந்தாம் நாள் மரங்கொத்தி வந்தார். தும்பை எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, மூன்று பாடத்தில் எதைத் தொடரப் போகிறாய்?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் தெரியவில்லை ஐயா," என்றாள் தும்பை உள்ளதை உள்ளபடி. "மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டியிருக்கும் போல இருக்கிறது. எது எப்போது என்பதுதான் குழப்பம். அவளைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்."

மரங்கொத்தி புதருக்கு முன்னால் இறங்கி, தரையில் நடந்தே குன்றியிடம் போனார். இதுவரை அந்தக் காட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"குன்றி, இந்த வீட்டில் இருக்க உனக்குச் சம்மதமா?"

குன்றி அத்தையைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தாள்.

"மாமா இன்னைக்குக் குட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய புற்றைக் காட்டுறேன்னு சொல்லியிருக்காரு," என்றாள். "அதைப் பார்த்துட்டு வந்து சொல்றேன். நீங்க இருப்பீங்களா, ஐயா?"

"இருக்கிறேன், போய்விட்டு வா!" என்றார் மரங்கொத்தி.

செம்பன் முன்னால் போக, குன்றி பின்னால் போனாள். தும்பையும் மரங்கொத்தியும் அவர்கள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நம்மிடம் வளர வந்த பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் யோசனை கேட்கலாம், ஆனால் முதல் கேள்வியை அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.