முசியேயின் ஒயினும் பூங்காவனத்தின் கறியும்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஆண்ட நாளில், முசியே ரெனார் என்ற நீதிபதி வீட்டில் பூங்காவனம் சமையல் பார்த்தாள். கணவனை இழந்தவள். அந்த வேலை போனால் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் வேறு கதியில்லை.

ஒருநாள் பிரான்சிலிருந்து சிவப்பு ஒயின் வந்தது. மூன்று வகைத் திராட்சை கலந்தது என்று முசியே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்.

"இதற்குப் பொருந்துகிற பதார்த்தம் உங்கள் தமிழ்ச் சமையலில் ஒன்றாவது உண்டா? ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சமைத்துக் காட்டு. முடியாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்" என்றார்.

பூங்காவனம் பணிவாகக் கேட்டாள்: "உங்கள் ஊரில் இதற்கு என்ன சாப்பிடுவார்கள், முசியே?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "இளம் ஆட்டுக்கறி! பூண்டும் மிளகும் போட்டு நிதானமாக வேகவைக்க வேண்டும். மிளகாயும் புளியும் பட்டால் ஒயின் செத்தது!"

ஞாயிறன்று விருந்தாளிகள் கூடியிருக்க, கறி மேசைக்கு வந்தது.

"முசியே சொன்ன மாதிரியே செய்திருக்கிறேன்" என்றாள்.

அவர் ஒரு வாய் கறி, ஒரு மிடறு ஒயின் என்று கண்ணை மூடிச் சுவைத்தார். "பார்த்தீர்களா? பிரான்சு பிரான்சுதான்! இந்தச் சுவை தமிழ்ச் சமையலில் வருமா?"

"இது எங்கள் வீட்டுக் கறிதான், முசியே" என்றாள் பூங்காவனம். "மிளகாய், புளி ஆகாதென்று பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுப்போம்."

முசியேயின் மனைவி மதாம் ரெனார்தான் முதலில் சிரித்தாள். கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கு என்ன குழந்தை, ஆணா பெண்ணா?"

விருந்தாளிகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். காது சிவந்துபோன முசியே, பூங்காவனத்திடம் தட்டை நீட்டினார்.

"பிள்ளை பெற்ற உடம்பு அல்லவா? இன்னும் கொஞ்சம் போடு."