கல்லுக்கு இங்கிலீஷ்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே வடக்கத்தித் தொழிலாளர்களுக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். தேறினால் சூப்பர்வைசர் வேலை. மாஸ்டர் ஆராவமுதனுக்குக் கேள்வி கேட்கத்தான் பிடிக்கும். தன்னை யாராவது கேட்டால் பிடிக்காது. பீகாரிலிருந்து வந்த பூல்மதியோ ஓயாமல் கேட்பாள்.

அன்று மாஸ்டர் பொறுமை இழந்தார். "உங்க இந்தியில நேத்தும் 'கல்', நாளையும் 'கல்'. அந்தக் கல்லுக்கு இங்கிலீஷ்ல என்ன? தப்பாச் சொன்னா இனிமே வகுப்புக்கு வராதே."

யெஸ்டர்டே என்றால் டுமாரோ என்பார். டுமாரோ என்றால் யெஸ்டர்டே என்பார்.

பூல்மதி எழுந்தாள். "அதைக் கல் சொல்றேன் சார்."

"டுமாரோ கிமாரோ எல்லாம் கிடையாது. இப்பவே சொல்லு."

"நீங்களே சொல்லிட்டீங்களே சார். 'சொல்றேன்'னதும் டுமாரோன்னு புரிஞ்சுக்கிட்டீங்க. 'சொன்னேன்'னா யெஸ்டர்டே. எந்தக் கல்லுன்னு வெர்ப் காட்டிக்கொடுத்துடும்."

வகுப்பு சிரித்தது. மாஸ்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உட்காரு" என்றார். பூல்மதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாஸ்டர் போர்டை அழித்தார். "இன்னிக்குப் போதும். மிச்சப் பாடம் கல்."

பூல்மதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வெர்ப் இல்லையே சார். நேத்தா, நாளைக்கா?"