இலை மௌனம்

பழனிமலைத் தொடரில், மேகம் வாசலுக்கே வந்து நிற்கும் உயரத்தில் ஒரு பேரிக்காய்த் தோப்பு. தோப்புக்குள் ஒரு மடம். அதன் குரு வேலப்ப சாமி.

ஐப்பசி மழை ஓய்ந்து பேரி மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கியதும் அங்கே பேச்சு நின்றுவிடும். மரங்கள் மொட்டையாகும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பகலில் இலை கூட்ட வேண்டும். அந்தியில், தான் கூட்டிய குவியலின் முன் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு குவியலை உரக்குழியில் கொட்டிவிட்டுப் படுக்கலாம். இதற்கு இலை மௌனம் என்று பெயர்.

மூன்று வருஷம் மௌனத்தை முறித்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கிவிட வேண்டும். மடம் தோன்றிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

வேலப்ப சாமி ஒரு வருஷமும் முறித்ததில்லை. இன்பவல்லி அம்மாள் மடத்துக்கு வந்த இரண்டு வருஷமும் முறித்திருந்தார்.

பாவம், அந்த அம்மாளைக் குறை சொல்லி என்ன பயன்? பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாமியைவிட இருபது வயது மூத்தவர். முதல் வருஷம் அரிசியைத் தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கைப் பார்த்து, "எடுத்த இடத்துல வைடா!" என்று அதட்டிவிட்டார். இரண்டாம் வருஷம், ஒருவர் துடைப்பம் பிடித்த லட்சணத்தைப் பொறுக்க முடியாமல் ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்.

மலையிறங்கினால் போக அவருக்கு இடமில்லை. இருந்தது ஒரே தம்பி குழந்தைவேலுவின் வீடு. தன்னைக் கேட்காமல் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்துவிட்டான் என்று, நிறைந்த மண்டபத்தில் நின்று, "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவர்.

மூன்றாம் வருஷம் முதல் இலை விழுவதற்கு முந்தின நாள் அவர் சாமியிடம் கேட்டார்.

"சாமி, வாயை மூடினா அப்படி என்னதான் கிடைக்கும்?"

"முதல்ல மூடுங்கம்மா."

மூடினார். குரங்கு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். துடைப்பங்கள் கோணலாகவே நகர்ந்தன, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தியில் குவியலின் முன் உட்கார்ந்தால் தொடக்கத்தில் மற்றவர்கள் செய்த தப்பெல்லாம் வரிசையாக வந்து நின்றது. கொஞ்ச நாளில் அதுவும் அலுத்துப்போய், மண்டபத்தில் தம்பி நின்ற நிலை வந்தது. கையில் தாம்பூலத் தட்டை வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அவன் பின்னாலேயே வந்த சத்தம் வந்தது. அன்றைக்கு அது அவர் காதில் ஏறியதாகவே நினைவில்லை.

உச்சிக் கிளைகளில் மட்டும் இலை மிச்சமிருந்த ஒரு காலையில் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. தோப்பின் கீழ்க்கோடியில் கூட்டிக்கொண்டிருந்த இன்பவல்லி அம்மாள் சட்டென்று நின்றார்.

"அக்கா..."

மனசு விளையாடுகிறது என்று நினைத்தார். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை. மறுபடியும் நூல் போல வந்தது அந்தக் குரல். கூடவே ஒரு இருமல். ஒரு கல் உருண்டு, நெடுநேரம் உருண்டுகொண்டே போனது.

மழையில் பாதை அரித்துப்போன இடம் அது. ஒரு பக்கம் பள்ளம்.

கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். மேலே மிச்சமிருந்த இலைகளைப் பார்த்தார்.

"டேய் குழந்தை!" என்று கத்தினார். மலையே கேட்டிருக்கும். "அங்கேயே நில்லு! இடது பக்கம் பள்ளம்! வலது கையால பாறையைத் தொட்டுக்கிட்டு, என் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வா!"

"பேசிக்கிட்டே இரு அக்கா! ஒண்ணும் தெரியல!"

குரல் நின்றால் அவன் வழி தவறிவிடுவான். அதனால் பேசினார். பாதையைச் சொன்னார், பனியைத் திட்டினார், இந்த வயதில் தனியாக மலை ஏறியதற்கு அவனைத் திட்டினார். சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனபோது, "அன்னைக்கு மண்டபத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றார். பனிக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.

ஐம்பத்தைந்து வயதுக் குழந்தைவேலு முட்டியெல்லாம் சேறாக வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இன்பவல்லி அம்மாள் அவனைக் கூட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். புடவைகளை மூட்டையாகக் கட்டினார். நேரே சாமியிடம் வந்தார். சாமி கிணற்றடியில் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"மூணாவது வருஷமும் முறிச்சிட்டேன் சாமி. உத்தரவு குடுங்க, கிளம்புறேன்."

சாமி குழந்தைவேலுவைப் பார்த்தார்.

அவனுக்கு மடத்து வழக்கமெல்லாம் தெரியாது. கேட்காமலே பேசினான்.

"போன வருஷமும் வந்தேன் சாமி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். அக்கா யாரையோ, துடைப்பத்தை இப்படியா பிடிக்கிறதுன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு. என் குரல் எடுபடல. திரும்பிப் போயிட்டேன். இன்னைக்கு இருமல்ல குரலே வரல. முனகினாப்பலதான் கூப்பிட்டேன். எப்படித்தான் கேட்டுச்சோ!"

இன்பவல்லி அம்மாள் தம்பியைப் பார்த்தபடி நின்றார். போன வருஷம், வேலிக்கு அந்தப் பக்கம். கண் நிறைந்துவிட்டது.

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அம்மாளின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக் கீழே வைத்தார். சுற்றிலும் கூட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுபோயின. இலை விழும் காலத்தில் வேலப்ப சாமியின் குரலை அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"தம்பிக்குச் சூடா கஞ்சி ஊத்துங்கம்மா" என்றார் சாமி. "பேசிக்கிட்டே ஊத்துங்க."