டிரம்முக்குள் குடித்தனம்

ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு சிமெண்டுக் குளம் இருந்தது. அதில் மீன்கள் இருப்பதாக வீட்டுக்காரர் நடேசமூர்த்தி எல்லோரிடமும் சொல்லி வந்தார். வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் அவ்வளவு பச்சை.

ஒருநாள் அவர் மனைவி கோமளவல்லி கரையில் நின்று கறாராகச் சொல்லிவிட்டாள். "என்னங்க, ஆயுத பூஜைக்குள்ள இந்தத் தண்ணி நல்லாகணும். இல்லைன்னா குளத்தை மூடிட்டு நான் கத்திரிக்காய் போட்டுருவேன்."

இது ஜரிகையின் காதில் விழுந்தது. மீனுக்கு ஏது காது என்று கேட்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முதுகோரம் தங்கக் கோடு ஓடியதால் கோமளவல்லி அதற்கு அந்தப் பெயரை வைத்திருந்தாள். கூடவே இருந்த மீனின் பெயர் பூசணி. நிறமும் பூசணி, உடம்பும் பூசணி, தொட்டதற்கெல்லாம் பயம்.

"மூடுறதுன்னா என்ன?" என்று பூசணி கேட்டது.

"மண்ணைக் கொட்டுறது."

"அப்ப நாம?"

"கத்திரிக்காய்க்கு உரம்."

பூசணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நடேசமூர்த்தி கடைக்குப் போய் மூன்று சாமான்களைக் கொண்டுவந்து கரையில் வரிசையாக வைத்தார். எதை ஓட்டும்போது மீன்கள் பக்கத்தில் வருகின்றனவோ அதையே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆக, ஓட்டு மீன்களின் கையில். மீனுக்குக் கையும் கிடையாது என்பது வேறு விஷயம். ஜரிகை நேர்முகத் தேர்வை ஆரம்பித்தது.

முதலில் நீரூற்று வந்தது. "நான் ஆடுவேன். கலர் லைட்டும் உண்டு."

"அழுக்கை என்ன செய்வீங்க?"

"மேலே தூக்கிப் போட்டுக் கீழே பிடிப்பேன்."

அடுத்து ஊதா விளக்கு. "என் வெளிச்சம் பட்டால் பச்சை ஓடிப்போகும். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்."

"நாங்க போடுற கழிவு?"

"அதுவும் தெளிவாகத் தெரியும்."

கடைசியாக ஒரு நீல டிரம். உள்ளே கூழாங்கல்லும் ஒரு ஸ்பாஞ்சும். "என்னால் ஒன்றும் ஆகாது" என்று அது ஆரம்பித்தது.

"பிறகு எதுக்கு வந்தீங்க?"

"என்னிடம் குடியிருக்க இடம் இருக்கிறது. பச்சை என் ஸ்பாஞ்சில் சிக்கிக்கொள்ளும். அப்புறம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்கள் வந்து உள்ளே குடித்தனம் வைக்கும். உங்கள் கழிவைச் சாப்பிட்டுத்தான் பிழைப்பு நடத்தும்."

"அதையா சாப்பிடும்?" பூசணி முகத்தைச் சுளித்தது.

"ரசித்துச் சாப்பிடும். ஆனால் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். ஸ்பாஞ்சு பழுப்பாகி, வழவழவென்று பார்க்கச் சகிக்காமல் ஆகும். அப்படி ஆனால் குடித்தனம் வந்துவிட்டது என்று அர்த்தம்."

வந்தவர்களில் தன்னால் ஆகாது என்று ஒப்புக்கொண்டது இது ஒன்றுதான். அதனாலேயே ஜரிகைக்கு அதன் மேல் நம்பிக்கை வந்தது. பூசணியைத் தள்ளிக்கொண்டு டிரம்மின் குழாயடியில் போய் நின்றது. மற்ற இரண்டும் கடைக்குத் திரும்பின.

டிரம் சொன்னபடியே நடந்தது. குடித்தனக்காரர்கள் வந்தார்கள், பெருகினார்கள், சாப்பிட்டார்கள். ஸ்பாஞ்சு பார்க்கச் சகிக்காமல் போனது. தண்ணீர் தெளிந்தது. கோமளவல்லி விருந்தாளிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஜரிகையைக் காட்டினாள். அவளுக்கு டிரம்மின் மேல் அப்படியொரு பாசம் வந்துவிட்டது.

வினையே அந்தப் பாசத்தில்தான் வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டில் உள்ள மிக்ஸி, ஸ்கூட்டர், தையல் மெஷின் எல்லாம் குளித்தன. "இவ்வளவு உழைச்சிருக்கு. இதைக் குளிப்பாட்டாம எப்படிப் பூஜையில வைக்கிறது?" என்று கோமளவல்லி டிரம்மைக் கவிழ்த்தாள். கூழாங்கற்களைச் சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள். குடித்தனக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஸ்பாஞ்சைப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. "சீ, இது இன்னைக்குத் தீராது. ஊறட்டும், காலையில தேய்ச்சுக்கலாம்" என்று அதைக் குளத்தில் எறிந்தாள். அது பாறைக்குப் பக்கத்தில் போய் இறங்கியது.

பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "என்னங்க, நாளைக்கு முதல் வேலையா பூசணியை உடைச்சிரணும். குங்குமத்தைத் தடவி, வாசல்ல ஒரே போடு."

பூசணி மேற்கொண்டு கேட்க நிற்கவில்லை. பாறைக்கு அடியில் இருந்த பொந்துக்குள் பாய்ந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பாஞ்சை இழுத்துக் கதவாக அடைத்துக்கொண்டது.

மறுநாள் வாசலில் தடாலென்று சத்தம் கேட்டது.

"ஜரிகை, நான் இருக்கேனா?"

"இருக்கே."

"அப்ப யாரை உடைச்சாங்க?"



கோமளவல்லி ஸ்பாஞ்சைத் தேடிப் பார்த்தாள். கிடைக்காததால் புதிதாக ஒன்று வாங்கி வைத்தாள். டிரம் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக உட்கார்ந்திருந்தது. எதிரே பொரிகடலை.

"உள்ளே ஆள் இருக்கா?" என்று ஜரிகை கேட்டது.

"ஒருத்தரும் இல்லை" என்றது டிரம். குரல் எதிரொலித்தது. "வாசனையாக இருக்கிறது. அவ்வளவுதான்."

தண்ணீர் பளிங்காகத்தான் இருந்தது. ஆனால் கழிவைச் சாப்பிட ஆளில்லை. ஜரிகைக்குக் கண் எரிந்தது, செவுள் எரிந்தது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாருங்களேன், நன்றி சொல்லுது" என்றாள் கோமளவல்லி.

நடேசமூர்த்திக்குச் சந்தேகம் வந்தது. தீனியை நிறுத்தினார், பாதித் தண்ணீரை மாற்றினார். ஜரிகை தேறவில்லை. "இது பிழைக்காது போலிருக்கு. நீ சொன்ன மாதிரி மூடிரலாம்" என்று குரல் இறங்கச் சொன்னார். கத்திரி விதைப் பொட்டலம் கரைக்கு வந்துவிட்டது.

ஜரிகை பயத்தோடு அடியில் இறங்கியது. பாறையடியில் பூசணி மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

"உனக்கு மட்டும் எப்படி மூச்சு முட்டலை?"

"தெரியலை. இந்தக் கதவுதான் முணுமுணுத்துக்கிட்டே இருக்கு."

ஜரிகை கிட்டப் போய்க் கேட்டது. ஸ்பாஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய குரல்கள்: "நாங்க கொஞ்சம் பேர் இங்க இருக்கோம். மேல வீடு காலியா?"

"காலியோ காலி" என்றது ஜரிகை. இரண்டு மீன்களும் ஸ்பாஞ்சை உருட்டித் தள்ளி, குளத்துத் தண்ணீரை டிரம்முக்கு ஏற்றும் மோட்டாரின் வாயில் கொண்டுபோய் வைத்தன. குடித்தனக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு குழாய் வழியே மேலே ஏறிப்போய்ப் புது ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறினார்கள். மெல்ல மெல்ல எரிச்சல் குறைந்தது. ஜரிகைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. விதைகள் பூந்தொட்டிக்குப் போயின.

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. கோமளவல்லி வாளியும் சோப்புத்தூளுமாகக் கிளம்புவதைப் பார்த்ததுமே, ஜரிகை பழைய ஸ்பாஞ்சைப் பாறையடியில் தள்ளி ஒளித்தது. பூசணி வழக்கம்போலத் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கரையில் டிரம்முக்கு மாலை விழுந்தது, கற்பூரம் காட்டினார்கள்.

ஜரிகைக்கு மனசு கேட்கவில்லை. "வேலையெல்லாம் உன்கிட்ட நடக்குது. உனக்கு ஒரு பொட்டுகூட இல்லையே" என்றது.

"வேணாம் தாயி" என்றது ஸ்பாஞ்சு. "பொட்டு வைக்கறதுக்கு முன்னாடி குளிப்பாட்டிருவாங்க."