செங்கோடன் தொடாத மரு

பழனியில் யாருக்கு மரு வந்தாலும் செங்கோடனின் வண்டிக் குதிரை வாலில்தான் முடி பிடுங்குவார்கள். அதை மருவில் இறுகக் கட்டுவார்கள். சிலருக்கு உதிரும், சிலருக்குப் புண்ணாகும். வால் பாதியானபோது, குதிரை பார்க்கிற வைத்தியத்தை நாம் ஏன் பார்க்கக்கூடாது என்று செங்கோடனுக்கே ஆசை வந்தது. ஐம்பது வயதில் சித்த வைத்தியர் நாகரத்தினம் அம்மாளிடம் மாணவராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தெட்டு.

மூன்று வருடம் மூலிகை அரைத்தார், பொடி சலித்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“தனியா வைத்தியம் பாக்க எப்பங்கம்மா விடுவீங்க?”

“இன்னைக்கு வர்றவங்கள நீங்களே பாருங்ணா. சரியாப் பாத்தா நாளையிலிருந்து தனியாப் பாக்கலாம்.”

முதலில் வந்தவருக்கு விரலில் மரு. செங்கோடன் சுற்றிலும் விளக்கெண்ணெய் தடவி, அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை மருவின் மேல் மட்டும் வைத்தார்.

“எரிஞ்சா உடனே கழுவிருங்க. அந்தக் கையில கண்ணைத் தொட்டுறாதீங்க.”

அடுத்தவருக்கு இமையில் மரு. கைவைத்தியமே வேண்டாம் என்று கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

வாசல் காலியானது. நாகரத்தினம் தோளுக்குப் பின்னால் சேலையைச் சற்று விலக்கினார்.

“எனக்கும் ஒண்ணு இருக்குது. துணி உரசுது. எடுத்து விடுங்க.”

செங்கோடன் வெளிச்சத்துக்கு அழைத்துப் பார்த்தார். ஓரம் ஒழுங்கில்லை. கறுப்பும் பழுப்புமாக இரண்டு நிறம். ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

“இது மரு இல்லீங்கம்மா. நான் தொட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

“குரு சொல்றேன்.”

“சொல்லுங்க. தொட மாட்டேன்.”

“அப்ப நாளைக்கும் நீங்க அரைக்கத்தான் வேணும்.”

“அரைக்கிறேனுங்க. இப்ப வண்டி பூட்டுறேன், ஏறுங்க.”

செங்கோடன் வண்டியைப் பூட்டினார். மூன்று வருட உழைப்பு போயிற்று என்றே நினைத்தார். ஆனாலும் குதிரையை ஆஸ்பத்திரிப் பக்கம்தான் திருப்பினார்.

அங்கே அதை வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்று. நல்ல நேரத்தில் வந்தீர்கள், முழுதாக எடுத்தாயிற்று என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து நாகரத்தினம் திரும்பி வந்தார். காத்திருந்த கூட்டத்திடம் செங்கோடனைக் காட்டி, “இனிமே இவரும் வைத்தியர்தான்” என்றார். செங்கோடனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மீசையை நீவிக்கொண்டே குருவின் அருகில் வந்தார்.

“எனக்கு வச்ச பரீட்சையில கடைசிதானுங்களே ரொம்பக் கஷ்டம்?”

“பரீட்சை ரெண்டாவது ஆளோட முடிஞ்சிருச்சுங்ணா. என் முதுகை நான் எங்க பாத்தேன்?”