பொங்கல் போன வழி

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்தில், பொங்கல் ஆறிப்போன குற்றத்துக்காக ஒரு நல்ல சமையல்காரரை நாடு கடத்தப் பார்த்தார்கள். ராஜாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணமா வேண்டும்?

அந்த ராஜாவின் பெயர் இந்திரகேது. வேட்டைக்குப் போய் மழையில் நனைந்து ஒரு சத்திரத்தில் ஒதுங்கியவருக்கு, இலையில் ஆவி பறக்க வெண்பொங்கல் கிடைத்தது. நாக்குச் சுட்டது. அந்தச் சுகத்தை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. மறுநாள் அரண்மனையில் சாப்பிட உட்கார்ந்தால், நெய் உறைந்து பாளமாக நின்ற அதே பழைய பொங்கல்தான் வந்தது.

“சத்திரத்தானால் முடிந்தது நம் சமையல்காரன் அம்பலவாணனால் முடியாதா? மூன்று நாளில் சூடான பொங்கல் வராவிட்டால் அவன் எல்லை தாண்டட்டும்!” என்றார் ராஜா.

பிரதானி சேதுரங்கருக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவருடைய மைத்துனர் மகன் ஒருவன் அரண்மனைக் கரண்டியைப் பிடிக்க ஆறு மாதமாகக் காத்திருந்தான்.

சபையில் ராஜாவைச் சிரிக்க வைக்கும் விகடன் நல்லாண்டி, செய்தி கேட்டதும் மடைப்பள்ளிக்கு ஓடினான். அம்பலவாணர் அடுப்பின் முன் உட்கார்ந்து தும்மித் தும்மி அழுதுகொண்டிருந்தார்.

“இருபது வருஷமா ஆக்கிப் போடறேன் நல்லாண்டி. இறக்கறப்போ கை வைக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். அப்புறம் அது எங்க போவுது, என்ன ஆவுதுன்னு எனக்கென்ன தெரியும்? மகாராஜா சாப்பிட்டு ஒரு நாள்கூட நான் பாத்ததில்ல.”

“நாளைக்கு அது பின்னாலயே நான் போறேன். கண்ணத் தொடைங்க அண்ணே.”

மறுநாள் காலை நல்லாண்டி கோலமாவுப் பையில் ஓர் ஓட்டை போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டான். கையில் வெற்றிலைப் பெட்டி. பானை கிளம்பியது. அது போன வழியெல்லாம் பின்னால் வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்தது. பானை எங்கே நின்றாலும், அங்கே நின்ற நேரத்தை அவன் மென்று முடித்த வெற்றிலையால் அளந்தான்.

முதலில் உப்புப் பார்ப்பவர் வீட்டு வாசல். அவர் குளித்து வரும்வரை இரண்டு வெற்றிலை. வந்தவர் மூடியைத் திறக்காமலே “உப்பு சரி” என்றார். இருபது வருடப் பொங்கல் அவருக்கு அலுத்துவிட்டது. அடுத்து யானைக் கொட்டிலில் ஒரு வெற்றிலை. முத்திரை மண்டபத்தில் அரக்கு உருகி, பானை வாயில் முத்திரை விழ மூன்று வெற்றிலை. அங்கே அரக்குதான் சூடாக இருந்தது. கடைசியில் பிரதானி வீடு. அவர் பூஜை முடித்து வந்து, முத்திரையிட்ட பானையைத் தள்ளி நின்று பார்த்து, “சூடாக உள்ளது” என்று ஓலையில் கையெழுத்துப் போட மூன்று வெற்றிலை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே!

ஒருவழியாகப் பானை போஜன மண்டபம் சேர்ந்தது. ராஜாவின் மணைக்குப் பக்கத்தில் பட்டுத்திரை தொங்கிய சுவர். அதன் பின்னால் யாரோ தும்மினார்கள். நல்லாண்டி திரையை விலக்கினான். சாத்திக் கிடந்த ஒரு சன்னல் தெரிந்தது. மறுபடி தும்மல். சந்தேகமே இல்லை, அம்பலவாணர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மடைப்பள்ளி!

அன்று மாலையே ராஜாவை அந்த வெள்ளைக் கோட்டின்மேல் நடக்க வைத்தான். பாதி வழியிலேயே ராஜாவுக்கு மூச்சு வாங்கியது.

“யானைக் கொட்டில் எதற்கடா?”

“தங்கள் பாட்டனாரின் பட்டத்து யானைக்கு முதல் கவளம் வைக்கும் வழக்கம், மகாராஜா.”

“அந்த யானை செத்து நாற்பது வருடம் ஆயிற்றே!”

“யானைதான் செத்தது மகாராஜா, வழக்கம் சாகவில்லை. நேரத்தையும் அளந்தேன். பொங்கல் நடந்தது இரண்டு வெற்றிலை நேரம். நின்றது ஒன்பது வெற்றிலை நேரம். நின்ற நேரத்தில் ஆறியதற்கு அடுப்பைக் கோபித்து என்ன பயன்?”

ராஜா யோசித்தார். பிரதானி விடுவாரா? கைகூப்பி முன்னால் வந்தார்.

“முன்னோர் வகுத்த வழி, மகாராஜா. ஒரு வாசலைக் குறைத்தாலும் குலத்துக்கு ஆகாது. பானை எல்லா வாசலும் ஏறி, எல்லோர் கையும் பட்டுத்தான் வரவேண்டும். நல்லாண்டி அவ்வளவு கெட்டிக்காரனென்றால், அப்படியே சூட்டோடு கொண்டுவரட்டும். முடியாவிட்டால் சமையல்காரனோடு அவனும் போகட்டும்.”

குலம் என்றதும் ராஜா பயந்துவிட்டார். “அப்படியே ஆகட்டும்” என்றார்.

“உத்தரவு, மகாராஜா. பானை ஒரு வாசல்கூடத் தப்பாது” என்றான் நல்லாண்டி. சொல்லிவிட்டு நேரே மடைப்பள்ளிக்கு ஓடி, அம்பலவாணரின் காதில் ஏதோ சொன்னான்.

மூன்றாம் நாள் பானையை அவனே தலையில் சுமந்தான். “அப்பப்பா, என்ன கனம்!” என்று முனகிக்கொண்டே வாசல் வாசலாக ஏறினான். உப்புப் பார்ப்பவர், “இன்றைக்கு ஒரு கல் கூடுதல்” என்றார். செத்த யானைக்காக நின்றான். முத்திரை விழுந்தது. பிரதானி அன்று கொஞ்சம் அதிகமாகவே காக்க வைத்துவிட்டு, வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுப் பானைக்குப் பின்னாலேயே போஜன மண்டபத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தார்.

“பிரதானியாரே, பொங்கல் சூடாக உள்ளதா?” என்று ராஜா கேட்டார்.

பிரதானி திடுக்கிட்டார். இல்லையென்றால் தன் கையெழுத்துப் பொய். “சூடுதான்... நானே சோதித்தேன், மகாராஜா.”

“உப்பு?”

“ஒரு கல் கூடுதல்” என்றார் கூடவே வந்திருந்த உப்புப் பார்ப்பவர்.

நல்லாண்டி முத்திரையை உடைத்து, பானையை ராஜாவின் முன்னால் கவிழ்த்தான். ஒரு பருக்கை விழவில்லை. உள்ளே கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருந்தது.

“எல்லா வாசலும் ஏறிவிட்டது, எல்லோர் கையும் பட்டுவிட்டது. பானை வரவேண்டும் என்றார் பிரதானி, பானை வந்துவிட்டது. பொங்கல் குறுக்கு வழியில் வருகிறது, மகாராஜா!” என்று பட்டுத்திரையை இழுத்தான்.

சன்னல் திறந்தது. நெய் மணக்க, மிளகும் முந்திரியும் மின்ன, அடுப்பிலிருந்து இறக்கிய பொங்கலை அம்பலவாணர் நீட்டினார்.

“நஞ்சு சோதனை?” என்று பிரதானி ஈனசுரத்தில் கேட்டார்.

அதில் மூன்று வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, “நானே மூன்று முறை சோதித்துவிட்டேன். மூன்றாவது முறை சந்தேகத்தினால் அல்ல” என்றான் நல்லாண்டி.

ராஜா ஒரு கவளம் வாயில் போட்டார். “ஆ! சுடுகிறதே!” என்று கையை உதறினார். உடனே அடக்கமாட்டாமல் சிரித்தார். கவிழ்ந்த பானையைப் பார்த்தார், பிரதானியின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “காலிப் பானைக்குக்கூடவா நம் அரண்மனை கையெழுத்துப் போடும்!” என்று தன் முத்துமாலையைக் கழற்றி நல்லாண்டியின் கழுத்தில் போட்டார். “இனி இந்தச் சன்னல்தான் வழி. பிரதானியாரே, காத்திருப்பதில் குலம் வாழுமென்றால் அதை நீர் செய்யும். ஒரு மாதத்துக்கு யானைக் கொட்டிலில் நில்லும்.”

பிறகு தட்டைச் சன்னல் பக்கம் நீட்டி, “அம்பலவாணரே, இன்னொரு கரண்டி” என்றார்.

அம்பலவாணர் அசையவில்லை. தான் ஆக்கியதை ஒருவர் ஊதி ஊதிச் சாப்பிடுவதை இருபது வருடத்தில் இன்றுதான் பார்க்கிறார். கண்ணீர் வழிய நின்றவரைப் பார்த்து நல்லாண்டி பதறினான்.

“அழுகையெல்லாம் அப்புறம் அண்ணே, ஆறிடப் போவுது!”